யுவன் ஆடாத ஆட்டம்

அந்தச் சமையலறையில் மூன்று பேர் இருந்தார்கள். பேச்சு மட்டும் நேர்வழியில் போகாமல் பிரேமலாவைச் சுற்றிக்கொண்டு போனது.

"யுவன் பேரு இன்னிக்கு டீம் லிஸ்ட்டுல இருக்கணும்னு சொல்லிடு," என்றார் தங்கராஜு.

மனைவியைப் பார்த்துத்தான் சொன்னார். கேட்க வேண்டியவளோ அவருக்குக் கைக்கெட்டும் தூரத்தில், பின்வாசல் படியில் உட்கார்ந்து காலணிக் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தாள்.

"டாக்டர் என்ன சொன்னாருன்னு அவருக்கே தெரியும் அண்ணி," என்றாள் உஷாராணி, தலையை நிமிர்த்தாமல்.

பிரேமலா கல்லில் இருந்த தோசையை எடுத்துத் தட்டில் போட்டு, தட்டை மேசைமேல் வைத்துவிட்டுத் துணி காயப்போடப் போய்விட்டாள். பசியாறிவிட்டுப் போ என்ற ஒரு வார்த்தை வரவில்லை. திருமண வாழ்க்கையைச் செரண்டா ஊரில் விட்டுவிட்டு, ஒரு பையோடு அண்ணன் வீட்டுக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்து உஷாராணி அந்த வார்த்தையைக் கேட்காமல் வெளியே போனதில்லை. இன்று போனாள். தோசை அப்படியே இருந்தது.

எல்லாம் புதன்கிழமைப் பயிற்சியில் வந்த வினை.

கோலசிலாங்கூரில் இருக்கும் அந்தத் தனியார் கல்லூரியின் காற்பந்துக் குழுவுக்கு உஷாராணி தலைமைப் பயிற்றுநராகி இன்னும் ஒரு பருவம் முடியவில்லை. பழைய பயிற்றுநருக்கு ஜொகூரில் பெரிய வேலை கிடைத்தது. போகும்போது நல்ல ஆட்டக்காரர்கள் நால்வரையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டார். பருவம் தொடங்க இருந்த நேரத்தில் வேறு ஆள் அகப்படவில்லை. அதுவரை பெண்கள் குழுவைப் பார்த்துக்கொண்டிருந்த உஷாராணியைக் கூப்பிட்டு, தற்காலிகம்தான் என்று இரண்டு முறை சொல்லிப் பொறுப்பைக் கொடுத்தார்கள்.

முதல் நான்கு ஆட்டங்களும் தோல்வி. ஒரு பெண் விசில் ஊதி நாம் ஓடுவதா என்ற எண்ணத்தைப் பையன்கள் முகத்தில் மறைக்கவும் முயலவில்லை. ஐந்தாவது ஆட்டத்தில் அவள் தன் அண்ணன் மகன் யுவனேஸ்வரனை நடுத்திடலிலிருந்து எடுத்து முன்வரிசையில் நிறுத்தினாள். சொந்தக்காரப் பையனைத் தூக்கிவிடுகிறாள் என்று பேசினார்கள். யுவன் கோல் போட்டான். அடுத்த ஆட்டத்திலும் போட்டான். பேச்சு நின்றது. அதன்பின் அந்தக் குழு தோற்கவில்லை.

இன்று சுங்கை பெசாரில் கடைசி லீக் ஆட்டம். ஜெயித்தால் அரையிறுதி. அதைவிடப் பெரிய சங்கதி, கோலாலம்பூர் கிளப் ஒன்றிலிருந்து யுவனைப் பார்க்கவென்றே ஓர் ஆள் வருகிறார்.

அந்த நேரத்தில்தான் புதன்கிழமை, உயரப் பந்துக்கு எம்பியபோது யுவனின் தலையும் தடுப்பாட்டக்காரன் ஹஃபிஸின் தலையும் மோதிக்கொண்டன. யுவன் விழுந்தான், எழுந்தான், சிரித்தான். பத்து நிமிடம் போனபின் உஷாராணியிடம் வந்து, சனிக்கிழமை ஆட்டம் எந்தத் திடலில், நம் பாடாங்கிலா அவர்கள் பாடாங்கிலா என்று கேட்டான். சொன்னாள். தண்ணீர் குடித்துவிட்டு வந்து அதையே மறுபடியும் கேட்டான். பயிற்சி முடிந்து எல்லாரும் கிளம்பியபின், வேனுக்குப் பின்னால் அவன் வாந்தி எடுப்பதை அவள் பார்த்துவிட்டாள்.

நேரே கிளினிக்குக்குக் கூட்டிப் போனாள். மூளை அதிர்ந்திருக்கிறது, இரண்டு வாரத்துக்குப் பந்துப் பக்கமே போகக்கூடாது, தலைவலி கூடினால் உடனே ஆஸ்பத்திரி என்றார் டாக்டர். திரும்பி வரும் வழியெல்லாம் யுவன் கெஞ்சினான். சனிக்கிழமை வரைக்கும் அப்பாவிடம் சொல்ல வேண்டாம் என்றான். அவள் வீட்டுக்குள் நுழைந்ததும் முதல் வேலையாக அண்ணனிடம் சொன்னாள்.

தங்கராஜு மகனைக் கூப்பிட்டுக் கேட்டார். யுவன் அத்தையின் முகத்தைப் பார்க்காமல் பதில் சொன்னான்.

"ஒன்னும் இல்லப்பா. அத்தைதான் சும்மா பயப்படுது. வாந்தி எல்லாம் எடுக்கல."

அதோடு முடிந்தது. அன்றிரவிலிருந்து தங்கராஜு தங்கையோடு பேசவில்லை.

அவர் யாரோ என்றால் உஷாராணிக்கு வலித்திருக்காது. அம்மா அப்பா போனபின் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டி அவளை வளர்த்தவர் அவர். பெண் பிள்ளைக்குப் பந்து எதற்கு என்று தோட்டமே கேட்டபோது, மோட்டார் சைக்கிளில் உட்கார வைத்து மாநிலத் தேர்வுக்குக் கூட்டிப் போனவர். அவள் ஆடிய ஒவ்வோர் ஆட்டத்திலும் கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்றவர். இன்று அதே மனிதர் மகனின் காலணிப் பையைக் காரில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். குழுவின் பேருந்தில் யுவன் வரமாட்டான், தானே கூட்டிப் போகப் போகிறார் என்பது அதைப் பார்த்துத்தான் அவளுக்குத் தெரிந்தது.

அவள் மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு காரைத் தாண்டினாள். யுவன் முன்னிருக்கையில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தான். வெயில் முகத்தில் படாமல் இருக்கத் துண்டைப் போட்டிருந்தான்.

*

கல்லூரிப் பேருந்தில் பயிற்றுநருக்கு ஓட்டுநருக்குப் பின்னால் தனி இருக்கை. பழைய பயிற்றுநர் அதில் உட்கார்ந்ததே இல்லையாம். பையன்களோடு பின்னால் உட்கார்ந்து பாட்டுப் பாடிக்கொண்டு வருவாராம். உஷாராணி பின்னால் போனால் பேச்சு நின்றுவிடும். அதனால் பருவம் முழுக்க அவள் பக்கத்து இருக்கையில் தண்ணீர்ப் பெட்டிதான் உட்கார்ந்து வந்தது.

தஞ்சோங் காராங் தாண்டும்போது விளையாட்டுத் துறைத் தலைவர் கார்த்திகேசு போன் செய்தார். நல்ல மனிதர்தான், குரலையும் உயர்த்தவில்லை. கிளப் ஆள் கிளம்பிவிட்டாராம். நம் கல்லூரிக்கு இப்படி ஒருவர் வருவது முதல் தடவையாம். முழு ஆட்டம் வேண்டாம், கடைசியில் ஒரு கால் மணி நேரம் யுவனை இறக்கினால் போதுமாம். உஷாராணி டாக்டர் சொன்னதை மறுபடியும் சொன்னாள். அவர், இந்த வேலை உங்களுக்கு நிரந்தரமாகணும்னுதான் நானும் பார்க்கிறேன் மேடம் என்று சொல்லிப் போனை வைத்தார். மிரட்டலா, அக்கறையா என்று அவளுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

செகிஞ்சான் பக்கம் அறுவடை முடிந்து வயல்கள் மொட்டையாகக் கிடந்தன. இயந்திரம் போன தடத்தில் கொக்குகள் மேய்ந்தன. குழுத் தலைவன் சரண் இருக்கைகளைப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்தான்.

"கோச், யுவன் ஃபர்ஸ்ட் லெவன்தானே?"

"இல்ல."

"சப்?"

"அதுவும் இல்ல சரண். அவனுக்கு உடம்பு சரியில்ல."

"நேத்து என்கிட்ட நல்லாதான் பேசினான் கோச்," என்றான் சரண். மறுபடியும் இருக்கைகளைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனான். பின்னாலிருந்து முணுமுணுப்பு எழுந்தது, பிறகு அதுவும் அடங்கியது. 

*

பாடாங்கில் அவர்களுக்கு முன்பே தங்கராஜுவின் கார் நின்றது. யுவன் குழுச் சட்டையைப் போட்டுக்கொண்டு பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். ஆட்டக்காரர்களின் பெயர்ப் பட்டியலை நடுவரிடம் கொடுத்துவிட்டு உஷாராணி திரும்பும்போது அண்ணன் எதிரே நின்றார். மூன்று நாளில் முதல் தடவையாக நேராக அவளிடம் பேசினார்.

"கொடுத்திட்டியா?"

"கொடுத்திட்டேன்ண்ணே."

"அவன் பேரு?"

அவள் இல்லையென்று தலையை ஆட்டினாள். தங்கராஜு கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்று அவள் பிறகு நினைத்துக்கொண்டாள்.

"நான் லோரி ஓட்டறவன். என் மகனும் அதே லோரியிலதான் ஏறணுமா? இந்த மாதிரி ஒரு ஆளு இன்னொரு தடவ இவனத் தேடி வருவானா?" அவர் குரல் இறங்கியது. "உன் வயித்துல பொறந்த பிள்ளையா இருந்தா இப்படி உக்கார வைப்பியா உஷா? உனக்கு எங்க தெரியப் போவுது."

பையன்கள் ஓட்டத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். செரண்டாவில் அவளுடைய மாமியார் வாயிலிருந்து அந்தப் பேச்சை அவள் எத்தனையோ தரம் கேட்டிருக்கிறாள். இந்த வாயிலிருந்து கேட்டதில்லை.  

"என் பிள்ளையா இருந்தா இங்க கூட்டிட்டே வந்திருக்க மாட்டேண்ணே. வீட்டுல படுக்க வச்சிருப்பேன்."

நடுவர் விசில் ஊதினார். தங்கராஜு கோல் கம்பத்துக்குப் பின்னால் போகவில்லை. பெஞ்சுக்குப் பின்னால், மகனுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.

முதல் பாதியில் சுங்கை பெசார் குழு ஒரு கோல் போட்டது. யுவன் இல்லாத முன்வரிசை யாரைப் பார்த்துப் பந்தைத் தள்ளுவது என்று தெரியாமல் திணறியது. கிளப்பிலிருந்து வந்தவர் வேலியோரம் நின்று பார்த்தார். இடைவேளையில், ஆட்டம் பார்க்க வந்திருந்த கார்த்திகேசுவிடம் ஏதோ கேட்டார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார், கைகுலுக்கிவிட்டுக் காருக்குப் போனார். தங்கராஜு அந்தக் கார் சாலையில் திரும்பும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இடைவேளையில் உஷாராணி பையன்களை உட்கார வைத்தாள். திட்டவில்லை. சரணை முன்னே போகச் சொன்னாள், பந்தைத் தரையோடு கொண்டுபோகச் சொன்னாள். யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. ஆனால் திடலில் இறங்கியபின் அவள் சொன்னபடிதான் ஆடினார்கள். அது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. இரண்டாம் பாதி தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் கூட்டத்துக்கு நடுவிலிருந்து சரண் உதைத்த பந்து கோல் கம்பத்தில் பட்டு உள்ளே போனது. ஒன்றுக்கு ஒன்று. பையன்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து கத்தினார்கள். பெஞ்சில் இருந்தவர்களும் ஓடிப்போய்ச் சேர்ந்துகொண்டார்கள்.

இன்னும் ஒன்று வேண்டும். நேரம் குறைந்துகொண்டே வந்தது. கூட வந்திருந்த மாணவர்கள் யுவன் பெயரைச் சொல்லிக் கைதட்ட ஆரம்பித்தார்கள். திடலுக்குள் இருந்த பையன்களும் பந்து வெளியே போகும்போதெல்லாம் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார்கள். எழுதிக் கொடுத்த பெயர்களில் இல்லாதவனை இறக்க முடியாது என்பது அவர்களுக்குத் தெரியும். எதிர்க் குழுவிடம் கேட்டால் ஒத்துக்கொள்வார்கள், கல்லூரி அளவிலான போட்டிதானே என்று கார்த்திகேசு பின்னாலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். எதிர்க் குழுவின் பயிற்றுநரும் பரவாயில்லை, இறக்கிக்கொள்ளுங்கள் என்று கை காட்டினார்.

ஆக, வேண்டாம் என்று சொல்ல அந்தப் பாடாங்கில் ஒரே ஓர் ஆள்தான் மிச்சம்.

யுவன் காலணியைக் கட்டிக்கொண்டு அவளிடம் வந்தான்.

"அத்தை, பத்து நிமிசம்லா. ப்ளீஸ். ஒரு கோல் போட்டுட்டு வந்து உக்காந்துக்கறேன்."

பாடாங்கில் அவன் அவளை அத்தை என்று கூப்பிட்டதில்லை. அவள் அவன் தோளைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். கண்கள் வெயிலுக்குச் சுருங்கியிருந்தன, அல்லது வெயிலுக்கு மட்டும் சுருங்கவில்லை.

"ஸ்கோர் என்ன யுவன்?"

"என்ன அத்தை?"

"இப்ப ஸ்கோர் என்ன. சொல்லு."

"ஒன்னு - சைபர். நாம தோத்துக்கிட்டு இருக்கோம். அதான் சொல்றேன், ஒன்னு போட்டா டிரா ஆயிடும்ல."

அவனுக்குப் பின்னால் நின்ற தங்கராஜுவின் கை வேலியிலிருந்து நழுவியது.

"தம்பி," என்றார் அவர். "சரண் இப்பத்தானடா போட்டான். நீ கூட எந்திரிச்சுக் கை தட்டினியே."

யுவன் அப்பாவைப் பார்த்தான். திடலைப் பார்த்தான். கைதட்டியதைத் தேடுகிறவன் மாதிரி தன் உள்ளங்கைகளையும் பார்த்தான். "அப்படியா?" என்று கேட்டான். சிரிக்கப் பார்த்தான். உதடு கோணியதே தவிர சிரிப்பு வரவில்லை. பிறகு மெல்ல, யாரும் சொல்லாமலே, புல்லில் உட்கார்ந்துவிட்டான்.

"தலை ரொம்ப வலிக்குதுப்பா," என்றான்.

தங்கராஜு குனிந்து மகனை அணைத்துத் தூக்கினார். இருபது வயதுப் பையனைச் சின்னப் பிள்ளை மாதிரி காருக்குக் கொண்டுபோனார். உஷாராணி பின்னாலேயே ஓடிக் கதவைத் திறந்துவிட்டாள். பக்கத்து ஆஸ்பத்திரிக்கு எந்தச் சந்தில் திரும்ப வேண்டும் என்று சொன்னாள். அவர் கேட்டாரா என்று தெரியவில்லை. அவளும் ஏறலாம் என்று கதவைப் பிடித்தபோது கார் நகர்ந்துவிட்டது.

அவள் திரும்பி வந்து எல்லைக் கோட்டுக்குப் பக்கத்தில் நின்றாள். திடலில் பதினொரு பேர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தார்கள். அவர்களும் யாரோ பெற்ற பிள்ளைகள்தான். விட்டுவிட்டுப் போக முடியாது.

ஆட்டம் ஒன்றுக்கு ஒன்றிலேயே முடிந்தது. அரையிறுதி இல்லை. பருவம் அதோடு சரி.

*

பேருந்தில் ஏறியதும் ஓட்டுநர் வீரனிடம் ஆஸ்பத்திரி வழியாகப் போகச் சொன்னாள்.  யுவனைக் காரில் தூக்கிப் போனதை எல்லாரும் பார்த்திருந்தார்கள். இருந்தாலும் ஒரு குரல், இறக்கியிருந்தால் ஜெயித்திருப்போம் என்று சொன்னது.  ஆஸ்பத்திரி வாசலில் அவள் இறங்கும்போது சரண் மட்டும் ஜன்னலைத் திறந்து, போய்ச் சேர்ந்ததும் மெசேஜ் போடுறேன் கோச் என்றான். சரி என்றாள். பேருந்து போய்விட்டது.

அவசரப் பிரிவுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலிகளில் அண்ணனும் அண்ணியும் இருந்தார்கள். பிரேமலா பக்கத்து வீட்டுக்காரர் காரில் வந்திருந்தாள். வீட்டில் போட்டிருந்த உடுப்போடேயே வந்திருந்தாள். உஷாராணியைப் பார்த்ததும் நாற்காலியில் இருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். உட்காரச் சொல்கிறாளா என்று தெரியாமல் உஷாராணி சுவரோரம் நின்றுகொண்டாள்.

வெகு நேரம் கழித்து டாக்டர் வெளியே வந்தார். நித்தியா என்று சட்டையில் பெயர் குத்தியிருந்த இளம் பெண். தமிழிலேயே நிதானமாகச் சொன்னார். ஸ்கேன் எடுத்தாகிவிட்டது. புதிய அடியால் மூளை அதிர்ந்திருக்கிறது, இன்று திடலில் இன்னோர் இடி பட்டிருந்தால் வேறு மாதிரி பேசிக்கொண்டிருப்போம். இப்போது பயம் வேண்டாம், ஆனால் படுக்கையில் வைத்துப் பார்க்க வேண்டும்.

பிரேமலா கையெடுத்துக் கும்பிட்டாள். டாக்டர் போகவில்லை.

"இன்னொன்னு கேக்கணும். உள்ள பழைய ரத்தக் கசிவு ஒன்னு இருக்கு. இந்த வாரத்துது இல்ல. ரெண்டு, மூனு மாசம் ஆயிருக்கலாம். அப்ப எங்க அடிபட்டுச்சு? யாரு பார்த்தாங்க?"

பிரேமலா விழித்தாள். தனக்கு ஒன்றும் தெரியாது என்றாள். உஷாராணி பருவத்தின் ஒவ்வோர் ஆட்டத்தையும் மனத்துக்குள் ஓட்டிப் பார்த்தாள். தான் பொறுப்பேற்றதிலிருந்து புதன்கிழமைக்கு முன்பு அவன் தலையில் அடிபட்டதாக நினைவே இல்லை என்று சொன்னாள். சொல்லும்போதே அவள் பார்வை அண்ணன் பக்கம் போயிற்று.

தங்கராஜு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் அவரிடமும் கேட்டார். அவர் எழுந்தார், சட்டைப் பையில் சாவியைத் தடவிக்கொண்டே கண்ணாடிக் கதவைத் தள்ளி வெளியே போய்விட்டார்.

உஷாராணி பின்னால் போனாள். வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. வயல் பக்கமிருந்து வைக்கோல் எரிந்த வாடை வந்தது. அவர் காரின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, கால்களை வெளியே தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தார். அந்த மனிதரின் தோள் இவ்வளவு ஒடுங்கியதா என்று அவளுக்குத் தோன்றியது. கொஞ்சம் தள்ளியே நின்றாள்.

"அண்ணே."

"கேக்காத உஷா," என்றார் அவர், திரும்பாமல். "இன்னிக்கு மட்டும் ஒன்னும் கேக்காத."

"தெரிஞ்சாத்தானே டாக்டருக்குச் சொல்ல முடியும்?"

 பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. பிரேமலா வந்துகொண்டிருந்தாள். வேகமாக வரவில்லை. தலைமுடி கலைந்திருந்தது, குரல் கலையவில்லை.

"அவ கேக்க வேணாம். பெத்தவ நான் கேக்கறேன்," என்றாள் கணவனிடம். "ரெண்டு, மூனு மாசத்துக்கு முந்தி நான் ஜெராம்ல கடை வேலைக்குப் போயிருந்த அன்னிக்கு நீங்களும் தம்பியும் எங்க போனீங்க? வந்ததும் தொப்பியப் போட்டுக்கிட்டே தூங்கினானே, ஏன்?"

உஷாராணிக்கு அந்த நாள் எது என்று தெரியவில்லை. கேட்டு நிற்க வேண்டும் போலத்தான் இருந்தது. ஆனால் அண்ணன் முகத்தில் விளக்கு வெளிச்சம் விழுந்தது, அவர் அழுவதை அவள் பார்த்துவிட்டாள். அவர் அழுது அவள் பார்த்ததில்லை. அம்மா போன அன்றுகூட இல்லை. அதற்கு மேல் அங்கே நிற்கும் உரிமை தனக்கு இல்லை என்று பட்டது.

உள்ளே பையன் தனியாகப் படுத்திருக்கிறான். யாராவது ஒருவர் அவன் பக்கத்தில் இருக்க வேண்டும். அவள் அண்ணனையும் அண்ணியையும் அங்கேயே விட்டுவிட்டுக் கண்ணாடிக் கதவை நோக்கி நடந்தாள். கதவு அவளுக்குப் பின்னால் மூடிக்கொண்டது. வெளியே தங்கராஜு, அன்று தலையில் அடிபட்டதை யாரிடமும் சொல்ல வேண்டாமென்று மகனிடம் சொன்னது தான்தான் என்று பேச ஆரம்பித்தது அவளுக்குக் கேட்கவில்லை.